திசை மாறிய தண்டவாளம்: தென்னிந்திய ரயில்வே ஒன்றுசேர்ந்த கதை

கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் போக வேண்டுமென்றால் சென்ட்ரல். திருச்சிக்கும் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போக வேண்டுமென்றால் எழும்பூர். சென்னைவாசிகளுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு நிலையங்களுக்கும் இடையே நடந்தே போய்விடலாம். அப்படியிருந்தும் ஒரே ஊரில், ஒரே அரசின் ஆட்சியில், இரண்டு தலைமை நிலையங்கள் எழுந்தன. ஒன்றின் வண்டி மற்றொன்றின் தண்டவாளத்தில் ஓட முடியாமல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தது. இதற்கான காரணம் நகர அமைப்பில் இல்லை. 1874-இல் இரண்டு ஆங்கிலேயக் கம்பெனிகள் சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆன கதையில் இருக்கிறது.

ரயில் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வண்டி ஓடிய தேதியில் தொடங்கி, பாலங்கள், மைல்கள் என்று ஏறுவரிசையில் போவார்கள். எஸ்.ஐ.ஆர். என்று மூன்று தலைமுறை அழைத்த இந்த ரயில்வேக்கு அந்த முறை பொருந்தாது. இதன் முதல் பாதை கிழக்கிலிருந்து மேற்கே போனது. ஒருங்கிணைப்பு முடிந்தபோது அதன் முதுகெலும்பு வடக்கிலிருந்து தெற்கே கிடந்தது. முதலில் போட்ட அகன்ற பாதை பிடுங்கப்பட்டுக் குறுகலாக்கப்பட்டது. திசையும் அகலமும் மாறிய அந்தச் சில ஆண்டுகளில்தான் தமிழ்நாட்டின் எந்த ஊர் எந்த ஊரோடு நெருங்கும், எந்தத் துறைமுகம் தழைக்கும் என்பதெல்லாம் பெருமளவுக்கு முடிவாயிற்று.

நாகப்பட்டினத்தில் தொடக்கம்

தெற்கின் முதல் ரயில் பாதை சென்னையில் தொடங்கியது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று வண்டி ஓட்டியது. அந்தப் பாதை ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு, போத்தனூர், பாலக்காடு வழியாக மேற்குக் கடற்கரையின் பேப்பூரை 1862-இல் தொட்டது. சென்னையையும் அரபிக்கடலையும் இணைப்பது அதன் நோக்கம். காவிரிப் படுகை, மதுரை, திருநெல்வேலி ஆகிய மூன்றும் அந்தக் கோட்டுக்குத் தெற்கே விடுபட்டுப் போயின.

அந்த வெற்றிடத்தைக் குறிவைத்து லண்டனில் அமைந்ததுதான் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி. அது சென்னையைத் தொட நினைக்கவில்லை. தனக்கென்று ஒரு துறைமுகத்தைத் தேர்ந்தெடுத்தது: நாகப்பட்டினம். 1859-இல் வேலை தொடங்கி, 1861-இல் தஞ்சாவூர் வரையும் 1862-இல் திருச்சிராப்பள்ளி வரையும் வண்டி ஓடியது. ஏறத்தாழ 80 மைல். மெட்ராஸ் ரயில்வேயைப் போலவே 5 அடி 6 அங்குல அகலம். அதாவது பிராட் கேஜ்.

நாகப்பட்டினத்தைத் தேர்ந்ததில் வியாபாரக் கணக்கு இருந்தது. டெல்டாவின் நெல் அங்கிருந்துதான் இலங்கைக்குக் கப்பலேறியது. மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களில் வேலைக்குப் போன தமிழ்க் கூலிகளுக்குச் சோறு தஞ்சாவூர் அரிசியில் வெந்தது. பினாங்கு, சிங்கப்பூர், பர்மா பக்கம் போகும் கப்பல்களும் அங்கே நின்றன. நாட்டின் உள்ளே காவிரியின் மேட்டுப் பகுதியில் பருத்தி விளைந்தது. லங்காஷயர் ஆலைகளின் கண் அதன்மேல் இருந்தது. 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் அமெரிக்கப் பருத்தி வரத்து நின்று, இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. கம்பெனி மேற்கே நகர்ந்தது. 1866-இல் கரூர், பிறகு காவிரிக் கரையோரமாகக் கொடுமுடி, 1868 தொடக்கத்தில் ஈரோடு. அங்கே மெட்ராஸ் ரயில்வேயின் பாதையோடு தண்டவாளம் இணைந்தது. இரண்டும் ஒரே அகலமாதலால் நாகப்பட்டினத்தில் ஏற்றிய சரக்கைப் பேப்பூர் வரை கொண்டுபோக இடையில் இறக்க வேண்டியிருக்கவில்லை.

ஆற்றுப் போக்கைத் தலைகீழாகத் தொடர்ந்த பாதை இது. கடலில் தொடங்கி, டெல்டாவைக் கடந்து, காவிரியை எதிர்த்து மேற்கே ஏறியது. இதே வடிவில் வளர்ந்திருந்தால் தமிழ்நாட்டின் ரயில் வரைபடம் வேறாகவே இருந்திருக்கும்.

யார் பணம், யார் நஷ்டம்

இந்தக் கம்பெனிகளைத் தனியார் முயற்சி என்று சொல்வது பாதி உண்மைதான். டல்ஹவுசி காலத்து ஏற்பாட்டின்படி நிலத்தை அரசு இலவசமாகக் கொடுத்தது. போட்ட மூலதனத்துக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டிக்கு அரசே உத்தரவாதம் அளித்தது. லாபம் அந்த அளவை எட்டாவிட்டால் குறைவதை இந்திய வருவாயிலிருந்து நிரப்ப வேண்டும். 5 சதவீதத்துக்கு மேல் வந்தால் உபரியை அரசும் கம்பெனியும் பங்கிட்டுக்கொள்ளும். ஒப்பந்தம் 99 ஆண்டுகளுக்கு. இடையில் குறித்த கெடுவில் அரசு விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

முதலீட்டாளருக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைத்திருக்காது. சிக்கனம் செய்தாலும் செய்யாவிட்டாலும் வட்டி வந்துசேரும். வைஸ்ராயின் சபையில் நிதி உறுப்பினராக இருந்த வில்லியம் மாசியே இதைப் பிறகு நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். தன் பணம் ஹூக்ளி நதியில் கொட்டப்பட்டாலும் செங்கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாறினாலும் இங்கிலாந்து முதலாளிக்கு ஒன்றுதான் என்பது அவர் சாட்சியத்தின் சாரம். மாசி குறிப்பிட்டது நாடு முழுவதும் நடந்ததை. கிரேட் சதர்னுக்கும் அது விலக்கில்லை.

நஷ்டத்தை ஈடுகட்டிய வருவாயில் பெரும்பங்கு நிலவரி. தஞ்சாவூர் மிராசுதாரர் கட்டிய கிஸ்தியும் கோயம்புத்தூர்ப் புன்செய் ரயத்து கட்டிய கிஸ்தியும் கஜானா வழியாக லண்டன் பங்குதாரரின் கைக்குப் போயின. வட்டியைப் பவுனில் கட்ட வேண்டும் என்பதால் 1870களுக்குப் பின் இன்னொரு சுமையும் சேர்ந்தது. உலகச் சந்தையில் வெள்ளியின் விலை சரிந்தது. ஏறத்தாழ 2 ஷில்லிங்காக இருந்த ரூபாய் 1890களின் முற்பகுதியில் 1 ஷில்லிங் 3 பென்ஸுக்கும் கீழே இறங்கியது. அதே வட்டிக்கு முன்னைவிட அதிக ரூபாய் திரட்ட வேண்டியதாயிற்று.

இதற்கு மாற்றாக ஒரு குரலும் அன்றே எழுந்தது. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையையும் கீழணையையும் கட்டிய ஆர்தர் காட்டன், அதே பணத்தைப் பாசனத்திலும் படகுக் கால்வாய்களிலும் போட்டால் விளைச்சலும் பெருகும், சரக்கும் மலிவாகப் போகும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார். வண்டியின் வேகம் நெல்லுக்குத் தேவையில்லை, வாடகை குறைவுதான் தேவை என்பது அவர் கட்சி. தஞ்சாவூரில் அவருடைய அணைகள் ஈட்டிய வருவாயை வைத்துப் பார்த்தால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் பட்டாளத்தை விரைவாக நகர்த்த வேண்டும் என்ற எண்ணம் 1857-க்குப் பிறகு அரசாங்கத்தைப் பிடித்துக்கொண்டது. கால்வாயில் பட்டாளம் விரைந்து போகாது.

காஞ்சிபுரத்துச் சிறு பாதை

இணைப்பில் சேர்ந்த இரண்டாவது கம்பெனியின் தொடக்கம் எளியது. இந்தியன் டிராம்வே கம்பெனி என்ற பெயரில் 1860களில் அமைந்த அது, பெரிய கம்பெனிகள் தொடாத ஊர்களுக்கு மலிவான, இலகுவான பாதை போடப் புறப்பட்டது. 1865-இல் மெட்ராஸ் ரயில்வேயின் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வரை 19 மைல் பாதை திறந்தது. அகலம் 3 அடி 6 அங்குலம். சிறிய எஞ்சின், இலேசான தண்டவாளம், கோயிலுக்கும் சந்தைக்கும் போகிற கூட்டம்.

பெரிய லாபம் எதுவும் அதில் தேறவில்லை. ஆனால் இந்த நாட்டில் போக்குவரத்துக்கு இவ்வளவு அகலம் அவசியமா என்ற கேள்வியை அது தரையில் போட்டுக் காட்டியது. பின்னர் அந்தக் கம்பெனி கர்நாடிக் ரயில்வே என்று பெயரை மாற்றிக்கொண்டு பெரிய திட்டம் பேசத் தொடங்கியது. வடக்கே சென்னை, தெற்கே கடலூர் என்று அதன் பார்வை விரிந்தது. தெற்கில் கிரேட் சதர்ன், திருச்சியிலிருந்து மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் போக நினைத்தது. இரண்டு திட்டங்களையும் வரைபடத்தில் ஒட்டினால் சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை ஒரே கோடு. இரண்டு கம்பெனிகளும் தனித்தனியே ஆளுக்குப் பாதிக் கோட்டை வைத்துக்கொண்டு உத்தரவாதம் கேட்பதை லண்டனில் இருந்த இந்திய அமைச்சர் அலுவலகம் விரும்பக் காரணமில்லை. 1870களின் முதல் ஆண்டுகளில் இணைப்புப் பேச்சு நடந்து, 1874-இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி பிறந்தது.

ஒரு மீட்டர்

கம்பெனிகள் சேர்ந்துவிட்டன, பாதைகள் எந்த அகலத்தில் சேர்வது? ஒருவரிடம் 5 அடி 6 அங்குலம், இன்னொருவரிடம் 3 அடி 6 அங்குலம். இரண்டில் எதுவும் வெல்லவில்லை. மூன்றாவது ஓர் அகலம் மேலிருந்து வந்தது.

1869-க்குப் பிறகு ரயில் போடும் பொறுப்பை அரசு தானே எடுக்கத் தொடங்கியிருந்தது. உத்தரவாத வட்டியில் கையைச் சுட்டுக்கொண்ட வைஸ்ராய் மேயோ பிரபுவின் நிர்வாகம் மலிவு வழியைத் தேடியது. அகலம் குறைந்தால் பாலமும் கரையும் எஞ்சினும் பெட்டியும் எல்லாமே செலவு குறையும். 1870-இல் முடிவாயிற்று: புதிய பாதைகளுக்கு ஒரு மீட்டர் அகலம், அதாவது 3 அடி 3⅜ அங்குலம். அடியும் அங்குலமும் ஆண்ட நாட்டில் மீட்டர் எங்கிருந்து வந்தது? இந்தியாவில் மெட்ரிக் அளவுமுறையைக் கொண்டுவர அரசு அப்போது எண்ணியிருந்தது. 1871-இல் அதற்கு ஒரு சட்டமும் இயற்றியது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரவேயில்லை. துணியைக் கெஜத்திலும் தூரத்தை மைலிலும் அளப்பது 1950களின் இறுதிவரை தொடர்ந்தது. வராத அளவுமுறையின் ஒரே ஒரு மீட்டர் மட்டும் ஆயிரக்கணக்கான மைல் தண்டவாளமாக நின்றுவிட்டது.

எஸ்.ஐ.ஆரின் புதிய பாதைகள் எல்லாம் மீட்டர் கேஜ் என்று தீர்மானமானதும், கையில் இருந்த நாகப்பட்டினம்–ஈரோடு பிராட் கேஜ் பாதை தனித்துப்போனது. அதையும் குறுக்கினார்கள். 1875-க்கும் 1879-க்கும் இடையே, போட்டுப் பதினைந்து ஆண்டுகள்கூட ஆகாத பாதையில் தண்டவாளங்கள் நெருக்கி அடிக்கப்பட்டன. ஓடிக்கொண்டிருக்கும் பாதையை அகலமாக்குவது வழக்கம். இங்கே வரிப்பணத்தின் பொறுப்பில் போட்ட அகலத்தை மறுபடியும் பணம் செலவழித்துச் சுருக்கினார்கள்.

இந்த முடிவுக்குப் பின்னால் இருந்த கணக்கு முட்டாள்தனமானது என்று சொல்ல முடியாது. புதிதாகப் போட வேண்டியிருந்த பாதை பழையதைப்போலப் பலமடங்கு. அவற்றில் மிச்சமாகும் தொகைக்கு முன்னால் ஏறத்தாழ 170 மைல் பழைய பாதையை மாற்றும் செலவு சிறிதுதான். கணக்கில் எழுதாமல் விட்டது ஈரோட்டை. இதுவரை ஒரே அகலமாகக் கூடிய இடத்தில் இனி இரண்டு அகலங்கள் முட்டிக்கொண்டன. சரக்கு வேகனிலிருந்து வேகனுக்குத் தலைச்சுமையாக மாற வேண்டும். பயணி மூட்டை முடிச்சோடு வண்டி மாற வேண்டும். எஸ்.ஐ.ஆர். தனக்குள் ஒன்றுபட்டது, அதற்கு விலையாக மேற்கிலிருந்து பிரிந்தது.

தெற்கு நோக்கித் திரும்பிய நாடு

இணைப்புக்குப் பின் வேலை மிக வேகமாக நடந்தது. திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக 1875-இல் மதுரை. அங்கிருந்து விருதுநகர், கோவில்பட்டி, மணியாச்சி, தூத்துக்குடி. பிரிட்டிஷ் பட்டத்து இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் ஆனவர், 1875 டிசம்பரில் கொழும்பிலிருந்து தூத்துக்குடியில் இறங்கி இந்தப் புதிய பாதையில் பயணம் செய்தார். மணியாச்சியில் வண்டி நின்றபோது திருநெல்வேலிக் கிறித்தவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வரவேற்றார்கள்; கால்டுவெல்லும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். 1876 ஜனவரி 1 முதல் பொதுமக்களுக்கு வண்டி ஓடியது.

வடக்கிலிருந்தும் பாதை இறங்கிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர். கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் எனக் கடலை நோக்கி ஓடும் ஆறு ஒவ்வொன்றுக்கும் பாலம் வேண்டியிருந்தது. 1870களின் முடிவுக்குள் தொடர் நிறைவுற்றது. இன்றும் இதற்கு மெயின் லைன் என்றுதான் பெயர். விருத்தாசலம், அரியலூர் வழியே நேராகப் போனால் சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே சுமார் 60 கிலோமீட்டர் மிச்சமாகும் என்பது தெரியாமல் சுற்றிப் போகவில்லை. நெல்லும் ஜனமும் கடற்கரை ஓரத்தில் இருந்தன. நேர்வழியான கார்டு லைன் 1920களின் இறுதியில்தான் வந்தது.

மெயின் லைனின் நிலையங்களை வரிசையாகச் சொன்னாலே ஒரு தல யாத்திரைப் பட்டியல் கிடைத்துவிடும்: சிதம்பரம், சீர்காழி, வைத்தீஸ்வரன்கோயில், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை. பல ரயில்வேக்கள் சரக்கை நம்பி வாழ்ந்தபோது எஸ்.ஐ.ஆரின் கல்லாவில் மூன்றாம் வகுப்புப் பயணியின் காசு பெரும்பங்கு வகித்தது. மாமாங்கத்துக்குக் கும்பகோணத்தில் குவிந்த கூட்டத்தைக் கட்டை வண்டிகள் மட்டும் கொண்டுவந்திருக்க முடியாது. வண்டிப்பெட்டியில் பக்கத்துப் பலகையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் கட்டுப்படுத்தச் சாதிக்கு வழியில்லை. சாதி போய்விடவில்லை, பிளாட்பாரத்துச் சிற்றுண்டிச் சாலைகளிலும் தண்ணீர்ப் பானைகளிலும் அது தொடர்ந்து பேணப்பட்டது. ஆனால் டிக்கெட் வாங்கியவர் எவரானாலும் ஏறலாம் என்ற விதி, அதுவரை தெருவில் நடக்கவே தடையிருந்தவர்களுக்குச் சிறிய செய்தி இல்லை.

புதிய திசையின் பெரும் பயனாளி தூத்துக்குடி. சென்னையிலிருந்து வரும் ரயிலும் கொழும்புக்குப் போகும் கப்பலும் அங்கே கைகோத்தன. இராமேசுவரம் பக்கமாக மன்னாருக்குக் கடல் கடந்து, காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்து, வழியிலேயே மாண்டுபோனவர் பலரென்பது தோட்டத் தொழிலாளர் வரலாறு. ரயிலும் கப்பலும் வந்த பிறகு அந்த வழியில் மாற்றம் வந்தது. கங்காணிகள் ஆள் சேர்க்கும் வட்டாரமும் விரிந்தது. திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பருத்தி தூத்துக்குடிக்கு வண்டிகளில் வந்தது. ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் 1880களில் நூற்பாலை தொடங்கினார்கள். 1892-இல் மதுரையில் ரயில் நிலையத்தின் அருகிலேயே இன்னொன்று எழுந்தது. கப்பல் வழியின் முழு லாபமும் வெள்ளைக்காரக் கம்பெனிக்கே போவதைக் கண்டுதான் வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். அவரைச் சிறைக்கு அனுப்பிய அடக்குமுறைக்குப் பழிவாங்க வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷைச் சுட்டது மணியாச்சி ஜங்ஷனில், நின்ற வண்டிப்பெட்டிக்குள். தூத்துக்குடிக் கிளையும் திருநெல்வேலிக் கிளையும் பிரியுமிடம் அது.

பஞ்சத்தின் சோதனை

பாதை புதிதாக இருந்தபோதே அதற்கு ஒரு கடும் சோதனை வந்தது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் கோமகன் ரயிலுக்குப் புதியவர் அல்லர். இங்கிலாந்தின் பெரிய ரயில்வேக்களில் ஒன்றான லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர். வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசி துறைமுகங்களில் இறங்கி, தண்டவாளத்தில் உள்நாட்டுக்கு ஏறியது.

ரயில் மூட்டைகளைக் கொண்டுசேர்த்தது. வாங்கும் காசைக் கொண்டுசேர்க்கவில்லை. வேலையும் விளைச்சலும் இழந்த கூலிக்காரன் ரயிலடியில் அடுக்கிக் கிடந்த மூட்டையைப் பார்த்துப் பசியாற முடியாது. மேலும், விலை ஏறிய ஊரை நோக்கித் தானியத்தை இழுக்கும் அதே பாதை, விலை ஏறாத ஊரின் கையிருப்பையும் வழித்துக்கொண்டு போகும். பஞ்சத்துக்குப் பின் அமைந்து 1880-இல் அறிக்கை தந்த கமிஷன் இந்த இரு முகங்களில் ஒன்றை மட்டுமே முக்கியமாகக் கண்டு, இன்னும் அதிகப் பாதை வேண்டும் என்றது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர், காட்பாடி வழியாக வறண்ட இராயலசீமைக்குள் போன பாதை 1890களின் தொடக்கத்தில் எஸ்.ஐ.ஆரோடு இணைந்தது அந்தச் சிந்தனையின் விளைவுதான்.

உடைமை பலருக்கு, ஓட்டம் ஒருவருக்கு

1890-இன் இறுதியில் ஒப்பந்த உரிமையைப் பயன்படுத்தி அரசு இந்த ரயில்வேயை விலைக்கு வாங்கியது. பெயரும் கம்பெனியும் மறைந்துவிடவில்லை. 1891 முதல் அதே பெயரில் புதிய கம்பெனி, அரசின் பாதையை ஓட்டித்தரும் ஒப்பந்தக்காரராக நின்றது. தண்டவாளம் அரசுடையது, வண்டி ஓட்டுவதும் ஆள் வைப்பதும் கட்டணம் வசூலிப்பதும் கம்பெனி.

இந்தப் பிரிவினை, ஒருங்கிணைப்பின் இரண்டாம் கட்டத்துக்குக் கருவியாயிற்று. சொந்தமாக வாங்காமலே எஸ்.ஐ.ஆர். பெருகியது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879-இல் போன பாதையின் ஒரு துண்டு பிரெஞ்சு மண்ணில் கிடந்தது. 1898-இல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்குப் போன கிளையும் அப்படியே. இரண்டிலும் ஓடியது எஸ்.ஐ.ஆர். வண்டி. சுதேச சமஸ்தானமான திருவிதாங்கூருக்குள் செங்கோட்டைக் கணவாய் வழியே கொல்லத்துக்குப் பாதை 1904-இல் நிறைவுற்றபோதும் ஓட்டியது எஸ்.ஐ.ஆர்.

இவற்றில் தனித்து நிற்பது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலவரியோடு சேர்த்து ஒரு சிறு தீர்வை வசூலித்து, அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்குப் பாதை போட்டு 1894-இல் திறந்தது. பின்னர் அது பட்டுக்கோட்டை, அறந்தாங்கி என்று நீண்டது. பவுனில் கடன் இல்லை, உத்தரவாத வட்டி இல்லை, லண்டனில் பங்குதாரர் இல்லை. உள்ளூர்க்காரர்கள் கட்டிய வரி, உள்ளூர்க்காரர்களுக்கு எந்த வழி தேவை என்ற தீர்மானம், வருமானத்தில் போர்டுக்குப் பங்கு. மிராசுதாரர் செல்வாக்கு நிறைந்த போர்டு அது என்பதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். அப்படியிருந்தும், கிரேட் சதர்ன் காலத்து ஏற்பாட்டைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை என்ற வாதத்துக்கு இந்தப் பாதை நேரடியான மறுப்பு.

இரண்டாவது ஒருங்கிணைப்பும் அதன் பாரமும்

மெட்ராஸ் ரயில்வேயின் ஒப்பந்தம் 1907-இன் இறுதியில் முடிந்தது. அதன் வடக்குப் பகுதி மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேக்குப் போனது. ஜோலார்பேட்டையிலிருந்து மேற்கே மங்களூர் வரையான பகுதி 1908-இல் எஸ்.ஐ.ஆருக்கு வந்தது. அதே ஆண்டில்தான் ஹென்றி இர்வின் வரைந்து, சாமிநாத பிள்ளை கட்டிமுடித்த எழும்பூர் நிலையக் கட்டடமும் திறந்தது. ஈரோட்டில் முட்டிக்கொண்டிருந்த இரண்டு அகலங்களும் இப்போது ஒரே கம்பெனியின் கையில். வெளியே இருந்த தொல்லை வீட்டுக்குள் வந்துவிட்டது. விடை கிடைக்க இன்னும் இருபது ஆண்டுகள் பிடித்தன: 1929-இல் திருச்சி–ஈரோடு பாதையை மீண்டும் பிராட் கேஜாக மாற்றினார்கள். 1868-இல் அகலமாக வந்த பாதை, 1879-இல் சுருங்கி, அரை நூற்றாண்டு கழித்துப் பழைய அகலத்துக்கே திரும்பியது.

இரண்டு அகலத்துக்கும் இரண்டு பட்டறைகள் இருந்தன. மீட்டர் கேஜுக்கு நாகப்பட்டினம், பிராட் கேஜுக்குப் போத்தனூர். 1920களில் இரண்டையும் மூடித் திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலையில் ஒரே பெரிய பட்டறையாக்கத் தீர்மானித்தார்கள். நிர்வாகத்தின் பார்வையில் இது சிக்கனம். தொழிலாளியின் பார்வையில் ஆட்குறைப்பு, குடிபெயர்வு. ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போகும் என்றானபோது 1928 ஜூலையில் எஸ்.ஐ.ஆர். வேலைநிறுத்தம் வெடித்தது. தண்டவாளத்தில் படுத்து வண்டியை மறித்தார்கள்; பல இடங்களில் ரயில் நின்றது. அரசு கைதுகளால் அதை ஒடுக்கியது. வேலைநிறுத்தத்தில் முன்னின்ற சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சதி வழக்கில் தண்டனை பெற்றார்கள்.

நாகப்பட்டினத்துக்கு இது இரண்டாவது அடி. எந்த ஊரிலிருந்து இந்த ரயில்வே புறப்பட்டதோ, அந்த ஊரை 1870களின் இணைப்பு ஒரு கிளைப்பாதையின் முனையாக்கியது. பட்டறை போனதும் மிஞ்சியிருந்த பெரிய வேலைவாய்ப்பும் போனது. 1914-இல் பாம்பன் பாலம் வழியாகத் தனுஷ்கோடிவரை பாதை நீண்டபோது, கொழும்புக் கப்பலோடு இணைந்த போட் மெயில் வண்டியின் வழியும் மாறி, தூத்துக்குடியும் தன் கொழும்புப் பயணிகளில் பெரும்பகுதியை இழந்தது. ரயில் கொடுத்ததை ரயிலே எடுத்துக்கொள்வது இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

1944 ஏப்ரலில் அரசு நிர்வாகத்தையும் தானே ஏற்றது. 1951 ஏப்ரல் 14 அன்று எஸ்.ஐ.ஆர்., மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா, மைசூர் ரயில்வே மூன்றும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆயின. உடைமையும் நிர்வாகமும் ஒன்றான பிறகும் அகலம் ஒன்றாகவில்லை. சென்னையையும் மதுரையையும் இணைக்கும் பாதை பிராட் கேஜாக மாற 1990களின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. மெயின் லைனில் விழுப்புரம்–மாயவரம் பகுதி 2010-இல்தான் மாறியது.

லண்டனில் ஓர் ஒப்பந்தத்தில் முடிந்த இணைப்பைத் தரையில் முடிக்க நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பது இதன் கூட்டுத்தொகை. 1870-இல் மிச்சம் பிடித்ததாக எழுதப்பட்ட ஒவ்வொரு ரூபாயும் ஈரோட்டில் சரக்கு மாற்றிய கூலியாகவும், பெட்டி மாறிய பயணியின் நேரமாகவும், பின்னாளில் அகலப்படுத்திய செலவாகவும் வேறு கணக்கில் திரும்பி வந்தது. அந்தக் கணக்கைக் கட்டியவர்கள் முடிவெடுத்த அறையில் இருந்தவர்கள் அல்லர். மலிவான வழி என்று இன்றும் ஒரு பெருந்திட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது, எந்தக் கணக்கில் மலிவு, எத்தனை ஆண்டுக்கு மலிவு என்ற இரண்டையும் கேட்டாக வேண்டும் என்பதற்குத் தென்னிந்திய ரயில்வேயைவிடத் தெளிவான சான்று நம் மண்ணில் இல்லை.